வெற்று வானம் என்று எழுதிய இடம்

மெல்பேர்ன்
27.04.2025

மச்சி நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உம்மாவும் சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்.

தம்பி றாஸிக் மௌத்தாகி இன்றைக்கு இருபத்தொரு நாள். நான் வந்து சேருமுன்னரே அடக்கிவிட்டார்கள். மையவாடிக்குப் போய்விட்டு உங்கள் வாசல்வரை வந்தேன். நீங்கள் இத்தா மறைவில் இருந்ததால் உள்ளே வரவில்லை. இங்கே திரும்பி வந்து போன் எடுத்தேன். "இத்தாவில இரிக்கிற புள்ள, புருசன்ட கூடப்பொறந்த காக்காவா இருந்தாலும் அந்நிய ஆம்புளயோட கதைக்கமாட்டா" என்று உங்கள் உம்மா போனை வைத்துவிட்டா. அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன்.

பால்வீதியின் நடுவிலுள்ள சூடான தூசியை 2019இல் றாஸிக்கும் நானும், விமானத்தில் பூட்டிய தொலைநோக்கியால், அகச்சிவப்பில் படமெடுத்தது உங்களுக்குத் தெரியும். அப்போது அவன் என்னிடம் மாணவன். அந்தத் தூசிக்குள் ஒரு பெரிய பள்ளம் இருப்பதைக் கண்டுபிடித்து 2021இல் கட்டுரை எழுதினேன். என் பெயர் நிற்பது அந்தப் பள்ளத்தில்தான். அதே தரவுகளிலிருந்து புதிய படமொன்று செய்து முடித்ததாக மார்ச் மாதம் தம்பி எழுதியிருந்தான். "நேரில கதைப்பம் காக்கா" என்றான். அந்தப் படம் அவனுடைய கறுப்பு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

அதைத் தங்கை றம்லாவிடம் கொடுத்துவிடுங்கள். ஒக்டோபரில் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஒன்றுக்கும் உதவப்போவதில்லை.

உம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

துஆவுடன்,
ஜவுபர்

*

கல்முனைக்குடி
04.05.2025

மச்சான் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உம்மா சுகம். நான் வெள்ளைச் சேலையோடு நடு அறையில் இருக்கிறேன். சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கும் உதவாத பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டிஸ்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்போது தர இயலாது. இத்தா முடியட்டும், யோசிப்போம்.

அந்தப் படத்தை அவர் தனியாகச் செய்யவில்லை. நான் கணிதத்தில் பட்டம் எடுத்தவள் என்பது கலியாணம் பேசிய நாளில் உங்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு மறந்துபோனது போலிருக்கிறது.

வஸ்ஸலாம்,
நுஸ்ஹா

*

மெல்பேர்ன்
09.05.2025

மச்சி நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரித்ததற்கு நன்றி. எனக்கு இருமல். அது கிடக்கட்டும்.

"யோசிப்போம்" என்றால் என்ன கருத்து? நீங்கள் யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அது என் ஆராய்ச்சி. என் தம்பியின் உழைப்பு.

மனதில் கிடந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். றாஸிக் இங்கே இருந்திருந்தால் இன்றைக்கு அவனும் பேராசிரியர். பொம்பிளை வீட்டுக்கு மாப்பிள்ளை போவதுதான் ஊர் வழக்கம் என்று அவனைக் கல்முனைக்குடிக்கு இழுத்தீர்கள். சம்மாந்துறையில் ஸ்கூல் டீச்சர் ஆக்கினீர்கள். தினமும் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையில் போகவைத்தீர்கள். அந்தப் பாதையில்தான் அவன் போனான். இதற்கு மேல் நான் எழுதினால் பாவம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றம்லாவும் அவள் மாப்பிள்ளை அப்ராஸும் வருவார்கள். டிஸ்கைக் கொடுத்துவிடுங்கள்.

ஜவுபர்

*

கல்முனைக்குடி
25.05.2025

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

உங்கள் தங்கையும் அவருடைய மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை மரியாதையான ஆள். நான் இத்தாவில் இருக்கிறேன் என்று கேற்றடியிலேயே ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றார். உங்கள் தங்கைக்கு அந்தத் தடை இல்லையே. வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. கண்ணைத் துடைத்த கையோடு அலுமாரியைத் திறந்தா. "காக்கா சொன்னாரு, கறுப்புப் பெட்டியாம், கைக்கடக்கமா இரிக்குமாம்" என்று அவருடைய சாரன்களை ஒவ்வொன்றாக உதறினா. நான் மடித்து வைத்த சாரன்கள் அவை. மௌத்துக்குப் பிறகு நான்கூட அவற்றைத் தொடவில்லை.

அவ போன பிறகு திரும்ப மடித்தேன். அவருடைய வாசம் போய்விட்டது. இதை நான் உங்களுக்கு மன்னிக்கமாட்டேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தது. பள்ளிவாசலுக்குச் சாப்பாடு அனுப்பினோம். நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

பாதையைப் பற்றி எழுதினீர்கள். அவரை நான் இழுக்கவில்லை. மெல்பேர்னை விட்டு வந்தது அவருடைய விருப்பம். ஏன் வந்தார் என்று உங்களிடம் சொல்லவில்லை என்றால், சொல்ல விருப்பமில்லை என்றுதான் அர்த்தம்.

டிஸ்க் வீட்டில் இல்லை. தேடி ஆளனுப்ப வேண்டாம்.

வஸ்ஸலாம்,
நுஸ்ஹா

*

மெல்பேர்ன்
28.05.2025

நுஸ்ஹாவுக்கு,

ஸலாம். றம்லா செய்தது பிழை என்றால் அவளிடம் கேளுங்கள். நான் அலுமாரியைத் திறக்கச் சொல்லவில்லை.

இனி உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. என் முடிவை எழுதுகிறேன். கையிலிருக்கும் பழைய படத்தை வைத்தே புதிய கட்டுரை போகும். முதல் பெயராக றாஸிக்கின் பெயரைப் போடுகிறேன். அந்தப் பள்ளத்துக்கு "றாஸிக் பள்ளம்" என்று பெயர் வைக்கும்படி எழுதுகிறேன். உலகத்தில் வானத்தைப் படிக்கிறவர்கள் எல்லாரும் இனி என் தம்பியின் பெயரைச் சொல்வார்கள். அவனுக்கு நான் செய்யக்கூடியது இதுதான். நீங்கள் அவனுக்கு என்ன செய்தீர்கள்? அவனுடைய கடைசி வேலையைச் சோற்றுப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

நாலு மாதமும் பத்து நாளும் கழிந்து உங்கள் இத்தா ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி முடிகிறது. பதின்மூன்றாம் திகதி நான் உங்கள் வாசலில் நிற்பேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற உங்கள் குடி மரைக்காரையும் கூட்டிக்கொண்டு வருவேன். புருசனின் பொருளை அவன் காக்காவிடம் கொடுக்க மாட்டேன் என்று பள்ளி ஆட்களுக்கு முன்னால் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஜவுபர்

*

கல்முனைக்குடி
20.06.2025

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் போனது. உம்மாவுக்கு மூட்டு நோ. எனக்கு ஒன்றுமில்லை.

மூன்று கிழமை யோசித்தேன். அவருடைய பெயரை அதற்கு வைக்க வேண்டாம். முதல் பெயராகவும் போட வேண்டாம். காரணத்தைச் சொல்லாமல் உங்களை நிறுத்தலாம் என்று பார்த்தேன், நீங்கள் நிற்கிற ஆள் இல்லை.

அந்தப் பள்ளம் இல்லை.

நீங்கள் பேராசிரியர், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவரை ஸ்கூல் டீச்சர் என்று எழுதினீர்களே, அதற்காக விளக்குகிறேன். அகச்சிவப்பில் பார்த்தால் வானமும் சூடு, தொலைநோக்கியும் சூடு. அந்தச் சூட்டுக்குள் இருபத்தாறாயிரம் ஒளியாண்டு தூரத்துத் தூசியின் சூடு காணாமல் போய்விடும். அதனால் தூசியை ஒரு தடவை பார்ப்பீர்கள். பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தை ஒரு தடவை பார்ப்பீர்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பீர்கள். மிஞ்சுவது தூசியின் சூடு மட்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கிற உங்கள் படிவத்தில் அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு வெற்று வானம் என்று பெயர்.

2019இல் வெற்று வானம் என்று எழுதிய இடம் வெறுமையாக இல்லை. அங்கேயும் தூசி இருக்கிறது, சூடாகவே இருக்கிறது. பின்னால் வேறு ஆட்கள் எடுத்த பெரிய படங்களில் அது பளிச்சென்று தெரிகிறது. அதையும் சேர்த்துக் கழித்தீர்கள். கழித்த அளவுக்குப் பள்ளம் விழுந்தது. வெறும் சாக்கு என்று நினைத்து, அடியில் நெல் கிடந்த சாக்கை நிறுத்துக் கழித்தால் நெல் குறைவாகத்தான் காட்டும். சம்மாந்துறை மில்லில் மூட்டை தூக்குகிறவருக்கும் இது விளங்கும்.

நாங்கள் கண்டுபிடித்தது இதைத்தான். சரியாகக் கழித்த படம்தான் அந்த டிஸ்கில் இருக்கிறது. அதில் தூசி ஒரே சீராகக் கிடக்கிறது. பள்ளமும் இல்லை, குழியும் இல்லை.

இல்லாத ஒன்றுக்கு என் புருசனின் பெயரை வைக்காதீர்கள்.

நுஸ்ஹா

*

மெல்பேர்ன்
24.06.2025

நுஸ்ஹாவுக்கு,

ஸலாம். நீங்கள் சொன்ன இடத்தைப் பெரிய படத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்த வெற்று வானத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று றாஸிக் உங்களிடம் சொன்னானா? சொன்னான் என்றால் என்ன சொன்னான்?

ஜவுபர்

*

கல்முனைக்குடி
01.07.2025

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை நீங்கள் எங்கள் சுகம் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், உம்மாவின் நோ குறைந்திருக்கிறது.

கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை நாளும் உங்களோடு சண்டை பிடித்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு, பிழையைக் கண்டது நான். சந்தோசத்தில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கணக்கு பிடிபட்டால் எனக்கு வருகிற சந்தோசம் அது. வேறொன்றையும் நான் யோசிக்கவில்லை. அவர் பார்த்தார். கதிரையில் இருந்துவிட்டார். "நான்தான் புள்ள அந்த இடத்த எடுத்த. என்ட பிழை. என்னால காக்காட பேரு கெடப்போகுது" என்றார்.

அன்றிலிருந்து அவர் அவராக இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். "காக்காவுக்கு எழுதுங்க, அவரு உங்களத் திண்டுபோடவா போறாரு" என்று நான் தினமும் சொன்னேன். "நேரில சொல்றன், எழுத ஏலா" என்றார். ஏப்ரல் ஆறாம் திகதி மஃரிப் நேரம், மாவடிப்பள்ளியில், முன்னால் போன ட்ராக்டர் பெட்டிக்குப் பின்லைட் இல்லையாம். பொலிஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பின்லைட் இல்லாத ட்ராக்டர் அந்தப் பாதையில் அவருக்குப் புதிது இல்லை. நான்கு வருடம் அவற்றுக்குள்தான் போய்வந்தார்.

டிஸ்கில் அந்தப் படிவத்தின் பிரதி இருக்கிறது. கீழே அவருடைய கையொப்பம். அது உங்கள் கைக்கு வந்தால் பிழை யாருடையது என்று நீங்கள் உலகத்துக்குச் சொல்வீர்கள் என்று பயந்தேன். செத்த மனிதனால் பதில் சொல்ல முடியாது.

ஒன்று கேட்கிறேன். திருத்தம் எழுதத்தான் வேண்டும், பொய்யை விட்டுவைக்க முடியாது. அதில் கணினி வேலையில் நுஸ்ஹா என்ற உதவியாளர் விட்ட பிழை என்று எழுதுங்கள். எனக்கு அந்த உலகத்தில் பெயரும் இல்லை, கெடுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் பெயர் தப்பும், அவருடைய பெயரும் தப்பும். படிவத்தை நான் வெளியில் விடமாட்டேன். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள், டிஸ்கை அனுப்புகிறேன்.

நான் உங்களிடம் கேட்கிற முதலாவதும் கடைசியுமான காரியம் இது.

வஸ்ஸலாம்,
நுஸ்ஹா

*

கல்முனைக்குடி
14.08.2025

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமில்லையோ என்று றம்லாவிடம் கேட்டேன். "காக்கா நல்லாத்தான் இரிக்காரு, ஆனா ஆரோடயும் கதைக்கிறல்ல" என்றா.

முந்தாநாள் இத்தா முடிந்தது. குளித்து உடுத்து வெளியே வந்தேன். நேற்று வாசலில் நீங்களும் மரைக்காரும் நிற்பீர்கள் என்று உம்மா கதிரைகளைக்கூடத் துடைத்து வைத்தா. ஒருவரும் வரவில்லை.

இன்றைக்கு அவர் படிப்பித்த சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பஸ் மாவடிப்பள்ளியால் போகும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூடினேன், அவ்வளவுதான்.

நான் கேட்டது பெரிய காரியமா? என் பெயரைப் பிழைக்குப் போடச் சொன்னேன். மெச்சுவதற்குப் போடச் சொல்லவில்லை. அதற்குக்கூட மனம் வரவில்லை என்றால், தம்பி தம்பி என்று எழுதியதெல்லாம் வெறும் வாய். மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால், பிழை என்னுடையது என்று நானே அந்தச் சஞ்சிகைக்கு எழுதுவேன்.

நுஸ்ஹா

*

மெல்பேர்ன்
21.08.2025

நுஸ்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சஞ்சிகைக்கு எழுத வேண்டாம். நான் நேற்று எழுதிவிட்டேன். பிழை என்னுடையது என்று எழுதினேன். உங்கள் பெயரும் அதில் இல்லை, றாஸிக்கின் பெயரும் இல்லை.

இது அவனுக்காக நான் செய்யும் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பிழை உண்மையிலேயே என்னுடையது. படிவத்தை நிரப்பியது றாஸிக்தான். அவன் முதலில் எழுதிய வெற்று வானம் வேறு. நன்றாகத் தள்ளி, தூசியில்லாத இடமாகப் பார்த்து எடுத்திருந்தான். விமானம் பறக்க இரண்டு நாள் இருக்கும்போது நான் அதைக் கிட்டே மாற்றச் சொன்னேன். கிட்டே எடுத்தால் படம் கூர்மையாக வரும், நேரமும் மிச்சம். "காக்கா, அங்க தூசி இரிக்கக்கூடும்" என்றான். "பேராசிரியர் நீயா நானா? சொல்றத எழுது" என்றேன். முதல் எழுதியதை வெட்டி, நான் சொன்ன இடத்தை எழுதி, கையொப்பம் வைத்தான். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அடுத்த வருடம், காரணம் எதுவும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்த நாளில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தப்பித்தேன் என்று தோன்றியது. அதை ஒளிக்கமாட்டேன். ஓம் என்ற சொல்லை இரண்டு தடவை எழுதினேன். அனுப்பு என்ற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். எழுதியிருந்தால் இந்தத் துனியாவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்று பிழையை வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் மையவாடியில், ஒருத்தி இத்தாவில்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. நீங்கள் உண்மையை முதலிலேயே எழுதியிருந்தால் மே மாதக் கடிதங்களை நான் எழுதியிருக்கமாட்டேன். பாதையைப் பற்றி எழுதியதை இப்போது வாசிக்க முடியவில்லை.

டிஸ்கை நீங்களே வைத்திருங்கள். ஒக்டோபர் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டேன்.

மன்னித்துவிடுங்கள். அவனிடம் கேட்க எனக்கு வழியில்லை. அவனுடைய இடத்தில் நின்று நீங்கள் மன்னிக்க வேண்டும்.

ஜவுபர்

*

கல்முனைக்குடி
02.09.2025

றாஸிக்கின் காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. பொய்யாக விசாரிக்காமல் விடுகிறேன்.

திருத்தம் வெளிவந்ததைப் பார்த்தேன். சொன்னபடி செய்திருக்கிறீர்கள். புதிய படத்தை நான் தனியாக அனுப்புவேன். முதல் பெயர் நுஸ்ஹா, இரண்டாவது றாஸிக். மூன்றாவது பெயர் இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு டிஸ்கில் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. முதல் எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டியிருக்கிறார். கோட்டுக்குக் கீழே அந்த எண்கள் இன்னும் வாசிக்கலாம். போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் தூசியே இல்லை. அவர் எடுத்தது சுத்தமான வானம். இந்தப் படிவத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், கையொப்பத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பயந்தேன்.

மன்னிப்பு என்னிடம் கேட்காதீர்கள். அநியாயம் யாருக்கு நடந்ததோ அவர்தான் மன்னிக்கலாம், வேறொருவர் அவருடைய இடத்தில் நிற்க முடியாது. மார்க்கம் உங்களுக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அவர் தன் கையால் வெட்டி எழுதிய இடம் அது. யார் சொல்லி எழுதினார் என்பதை மறந்திருப்பாரா? எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் "என்ட பிழை" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மூன்று மாதம் சோறில்லாமல் இருந்ததும் அதை வைத்துக்கொண்டுதான். உங்களை அவர் ஜனவரியிலேயே மன்னித்துவிட்டார். அந்த மன்னிப்பு உங்களுக்குக் கிடைத்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது வேறு கணக்கு. நாங்கள் நான்கு வருடம் குடும்பம் நடத்தினோம். கறிக்கு உப்புக் கூடினால்கூட உப்புக் கூடிப்போச்சு என்று உள்ளபடி சொல்கிற மனிதர். அவர் எனக்குச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று, அதையும் உங்களுக்காகச் சொன்னார்.

வஸ்ஸலாம்,
நுஸ்ஹா